நம்மூர்ச் செம்மண்ணும் நாம் பிடுங்கிய களைகளும்



பிரெஞ்சு மொழியில் களைக்கு ‘மொவேஸ் ஏர்ப்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கெட்ட புல்’. நம் தமிழில் ‘களை’ என்று மட்டும் சொல்கிறோம். களைவது என்றால் நீக்குவது. இந்தப் பயிருக்கு நடுவில் இது வேண்டாம், எடுத்துவிடு என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. செடி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்ற பழமொழியும் பயிரின் கணக்கைத்தான் பேசுகிறது, களையைத் திட்டவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் பூகோளப் பாடத்தில் போஸ் சமவெளியின் கோதுமை வயலும் போர்தோவின் திராட்சைத் தோட்டமும் வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதித்தால் வந்துவிடும் செம்மண் மேட்டைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அந்த மேட்டின் கதையை அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியும் படித்தும் கேட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். இப்போது நம் ஊரில் காலி மனைகளிலும் குடியிருப்போர் சங்கங்களின் பொது இடங்களிலும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போடும் ஆசை பரவி வருகிறது. நல்ல ஆசை. இந்த மண்ணில் இருநூறு ஆண்டுகளாக யார் யார் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டால், வீண் செலவும் முதுகு வலியும் மிச்சமாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மண்ணின் ஜாதகம்

புதுச்சேரி மண் ஒரே மண் அல்ல. கடலோரம் மணல். மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர் பக்கம் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து போட்ட வண்டல். வடக்கே லாஸ்பேட்டை, கோரிமேடு தொடங்கி ஆரோவில், காலாப்பட்டு வரை செம்மண் மேடு. மேட்டுக்கு அடியில் இருப்பது புவியியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்ட பாறை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் இந்தப் பாறை அடுக்கைச் சேர்ந்தவைதான்.

மண்ணின் சிவப்பு இரும்பினால் வந்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மக்கு குறைவு, போட்ட சத்து தங்காது. வெயிலில் தளம் போட்டது போல் இறுகிவிடும். மழையில் கரைந்து ஓடிவிடும். நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. மேலே ஒன்றும் மூடாத செம்மண்ணில் இப்படிப்பட்ட மழை விழுந்தால் முதலில் மேல்மண் போகும். அடுத்த ஆண்டு அதே தடத்தில் வாய்க்கால் விழும். பத்து ஆண்டில் அது ஆள் உயரப் பள்ளமாகும். மழைக்காலத்தில் பொம்மையார்பாளையம் பக்கம் கடல் செக்கச் செவேலென்று ஆனதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சிவப்பு முழுவதும் யாரோ ஒருவருடைய மேல்மண்.

இந்த மேடு எப்போதும் பொட்டலாக இருந்ததில்லை. சோழமண்டலக் கரையில் ஒரு தனி வகைக் காடு இருந்தது. உயரம் அதிகம் இல்லை, நெருக்கம் அதிகம். கோடையிலும் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி போன்ற மரங்கள் அதில் இருந்தன. தாவரவியலார் இதை வறண்ட பசுமைமாறாக் காடு என்கிறார்கள். 1955-இல் நம் ஊரில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மிச்சம் எங்கே இருக்கிறது என்றால், சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட கோயில் காடுகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலடியில் மண் தெரியாது, சருகுதான் தெரியும். அதே செம்மண், அதே மழை. மேலே சருகு இருந்ததால் அங்கே மண் ஓடவில்லை.

மற்ற இடங்களில் ஊர் வளர வளர வீட்டுக்கு உத்தரம், அடுப்புக்கு விறகு, சூளைக்கு விறகு என்று காடு கரைந்தது. வெட்டின இடத்தில் துளிர்த்ததை ஆடு மாடு மேய்ந்தது. இரும்பை ஊரில் இதற்கு வேறு ஒரு விளக்கம் உண்டு. கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைத்து, கோயிலில் அவரைப் பார்த்துச் சிரித்ததால், அவர் மனம் நொந்து விட்ட சாபத்தால் இந்தப் பூமி பாலையாயிற்று என்பார்கள். தூர தேசத்து மனிதர்கள் வந்துதான் சாபம் தீரும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். நிலம் கெட்டது மனிதன் செய்த காரியத்தால் என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை என்பது மட்டும் அதில் தெரிகிறது.

செடி கொண்டுவந்தவர்கள்

வளம் குறைந்த மண்ணை என்ன செய்வது என்று அரசாங்க முறையில் யோசித்தவர்களில் முன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் தாவரவியல் பூங்காவை நாம் குழந்தைகளோடு போகும் இடமாகத்தான் நினைக்கிறோம். 1826-இல் திட்டமிட்டபோது அதற்கு வேலை வேறு. சுற்றியுள்ள சத்தில்லாத நிலத்தில் எந்தப் பயிர் வரும் என்று பரிசோதிக்கும் இடமாக அது வளர்ந்தது. 1830-களில் அங்கே வந்த பெரோத்தே என்பவர் அதை அப்படி வளர்த்தவர். 1793-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் செனகலில் செடிகளை ஆராய்ந்துவிட்டு இங்கே வந்தார். இடையில் திரும்பிப் போனாலும் மறுபடி வந்து, 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

அந்தக் காலத்துப் புதுச்சேரியின் பெரிய சரக்கு நீலத் துணி. ‘கினே’ என்ற பெயரில் செனகல் வரை போயிற்று. அதற்குச் சாயம் தந்தது அவுரி. சாயம் எடுத்த பின் மிஞ்சும் அவுரித் தழை நல்ல உரம். பெரோத்தே அவுரியில் அக்கறை காட்டியதில் வியப்பில்லை. பிறகு நிலக்கடலை வந்தது. தென்னாற்காட்டுச் செம்மண் முழுவதும் மல்லாட்டை ஆயிற்று. மூட்டைகள் நம் துறைமுகத்திலிருந்து மார்சேய் போயின. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆயின.

பயறு வகைச் செடி என்பதால் கடலையின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும். மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பருப்பும் புண்ணாக்கும் சேர்ந்தே கப்பல் ஏறிவிட்டால் வரவு கொஞ்சம், செலவு அதிகம். அதோடு கடலையை வேரோடு பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். கொடியை மாட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். மழை வரும் நேரத்தில் நிலம் மொட்டையாகக் கிடக்கும்.

கடலைக்கு வராத இடத்தில் சவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் ‘ஃபிலாவோ’ என்பார்கள். விறகுக்கும் கடலோரக் காற்றுக்கும் நல்ல மரம். போர்த்துகீசியர் வழியாக வந்த முந்திரி மேட்டு நிலங்களில் பரவியது. சீமைக்கருவேலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வறண்ட பூமிக்கு வரம் என்றுதான் தென்னிந்தியாவுக்குள் அழைத்து வரப்பட்டது. இன்று நீதிமன்றம் வரை போய் அதைப் பிடுங்குகிறோம். வேலியோரம் பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது. அங்கிருந்து நாட்டின் காடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு முறை இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் மண்ணைத் திருத்த ஒரு செடியைக் கொண்டுவந்தது. அந்தச் செடியில் பாதி அடுத்த தலைமுறைக்குக் களையாயிற்று. இது அடுத்து வரும் கதையிலும் நடக்கிறது.

1968-க்குப் பிறகு மேட்டில் நடந்தது

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழா. 124 நாடுகளிலிருந்து ஒவ்வொரு பிடி மண் கொண்டுவந்து ஒரு பளிங்குக் கும்பத்தில் போட்டார்கள். அந்த விழாவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்றுதான்: உலகத்து மண்ணையெல்லாம் சேர்த்த அதே இடத்தில், உள்ளூர் மண் ஒவ்வொரு மழைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வந்து குடியேறியவர்களுக்கு முதல் கோடையிலேயே அது புரிந்துவிட்டது. நிழலுக்கு மரம் இல்லை. நட்ட கன்று நிற்கவில்லை. என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. முதலில் கரை போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே, மண்ணை வெட்டி அதே மண்ணை அணைத்து, மழைநீர் ஓடாமல் நிற்கும்படி வரப்பு போட்டார்கள். பெரிய பள்ளங்களில் சிறு தடுப்பணை கட்டினார்கள். இந்த வரப்பு ஒன்றும் வெளிநாட்டு வித்தை அல்ல; நம் மானாவாரி விவசாயி தலைமுறை தலைமுறையாகப் போட்டதுதான். மண்வெட்டி பிடித்தவர்களிலும் பெரும்பாலோர் குயிலாப்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை போன்ற சுற்று ஊர்களின் ஆண்களும் பெண்களும்தான். இதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது நியாயம் இல்லை.

நீர் நின்ற பிறகு மரம். காட்டு மரங்களை அந்த வெயிலில் நேராக வைத்தால் காய்ந்துவிடும். அதனால் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலிருந்தும் நியூ கினியிலிருந்தும் வந்த ஒரு வகை அக்கேசியாவை வைத்தார்கள். அதற்கு ‘ஒர்க் ட்ரீ’, அதாவது வேலைக்கார மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மட்டமான மண்ணிலும் விறுவிறுவென்று வளரும். வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். தோல் போன்ற சருகை ஆண்டு முழுவதும் உதிர்க்கும். அந்தச் சருகுதான் மண்ணை மூடியது. அந்த நிழலில் பிறகு வீரையும் பாலையும் கருங்காலியும் நட முடிந்தது.

வேலைக்கார மரம் வேலை முடிந்ததும் போய்விடவில்லை. விதை எங்கும் விழுந்து ஆயிரக்கணக்கில் முளைத்தது. வெட்ட ஆரம்பித்தார்கள். வைத்தவர்களே களையெடுக்கும் நிலை வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் நமக்கும் நடுவே கரையேறியபோது, அந்த அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. நம் தாவரவியல் பூங்காவிலும் பழைய மரங்கள் போயின. அந்தக் காலை யாருக்கும் மறக்காது. ஆனால் மேட்டில் சாய்ந்த மரங்களுக்குக் கீழே நாற்பது ஆண்டு மக்கிய சருகு இருந்தது, நாட்டு மரக் கன்றுகள் இருந்தன. வெளிச்சம் கிடைத்ததும் அவை எழுந்தன. மரம் போனாலும் மண் தங்கிவிட்டது.

அதே மேட்டில் இன்னும் நமக்கு நெருக்கமான ஒரு காரியம் 1990-களில் தொடங்கியது. மேல்மண் முழுவதும் போய்க் கூழாங்கல் மட்டும் மிஞ்சிய ஒரு நிலத்தை, பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்னார் தெக்ளெர்க்கும் கர்நாடகத்தைச் சேர்ந்த தீபிகா குந்தாஜியும் எடுத்துக்கொண்டார்கள். ‘பெபிள் கார்டன்’ என்று பெயர், கூழாங்கல் தோட்டம். வெளியிலிருந்து மண்ணும் உரமும் வாங்கிக் கொட்டாமல், அந்த நிலத்திலேயே முளைத்த செடி கொடி மரங்களின் தழையைக் கொண்டே பாத்தி பாத்தியாக மண் உண்டாக்கினார்கள். இன்று அங்கே நம் பழைய காய்கறி ரகங்களின் விதை பாதுகாக்கப்படுகிறது. தீபிகா குந்தாஜிக்கு 2017-ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது கிடைத்தது.

நிலம் யாருடையது?

மண் திருத்துவதில் இன்னொரு பக்கம் உண்டு. மூன்று ஆண்டு உழைத்த பிறகு இடத்தைக் காலி செய் என்றால் யார் சருகு சுமப்பார்கள்? பிரான்சில் அபே லெமிர் என்ற பாதிரியார் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். வடக்கே ஹாஸ்ப்ரூக் என்ற ஊர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1896-இல் ஒரு சங்கம் தொடங்கி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகத் தோட்ட நிலம் கிடைக்க ஏற்பாடு செய்தார். ‘ழார்தேன் ஊவ்ரியே’, தொழிலாளர் தோட்டங்கள் என்று பெயர். 1952-இல் அவற்றுக்குக் ‘குடும்பத் தோட்டங்கள்’ என்று சட்டத்தில் பெயர் மாறியது. இரண்டு உலகப் போர்களிலும் பல வீடுகளில் உலை கொதித்தது இந்தத் துண்டு நிலங்களால்தான். ஊர் ஒதுக்குப்புறமான கட்டாந்தரையும் தொழிலாளி கையில் தோட்டமாயிற்று. இது நாளைக்கும் என்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு பெரிய காரணம்.

நமக்கும் இது புதிதல்ல. நம் ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு காலத்தில் ஏரிப் பாசனக் கிராமங்களில் ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதி அமைப்பு இருந்தது. நிலக்காரர்கள் பணம் சேர்த்து மதகையும் கரையையும் பார்த்துக்கொண்டார்கள். கோடையில் ஏரி வறண்டதும் வண்டல் வெட்டி வண்டி வண்டியாக நிலத்துக்கு அடிப்பார்கள். ஏரி ஆழமாகும், வயலுக்குச் சத்து சேரும். மழையில் போன மண்ணைக் கோடையில் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடு அது. அந்த அமைப்பு போன பிறகு ஏரி அரசாங்கத்துடையது என்றாகி, வண்டலும் அதில் தங்கிவிட்டது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டத்தில், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுக்கும் மறுபடி ஏரிச் சங்கம் அமைத்துத்தான் தூர்வார வேண்டியிருந்தது.

லாரி மண் வேண்டாம்

இப்போது சொந்த ஊர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொது மனை. எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்தீனியமும் கோரையும் கட்டட இடிபாடும். அதைத் தோட்டமாக்கலாம் என்று கூடிப் பேசியபோது இரண்டு யோசனைகள் உடனே வந்தன. ஒன்று, மருந்தடித்து எல்லாவற்றையும் கருக்கிவிடுவது. இரண்டு, “சார், இந்த மண்ணே சரியில்லை, பத்து லாரி நல்ல செம்மண் கொட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்” என்பது.

இரண்டையும் நான் மறுத்தேன். காரணம் சொல்ல வேண்டும் அல்லவா?

லாரியில் வரும் செம்மண் மேல்மண் அல்ல. எட்டடி, பத்தடி ஆழம் வெட்டி எடுத்தது. அதில் மக்கும் கிடையாது, மண்புழுவும் கிடையாது. எந்த மட்டமான மண்ணைத் திருத்த இருநூறு ஆண்டு பாடுபட்டார்களோ, அதையே காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறோம். நம் மனை நாலு அங்குலம் உயர, மேட்டுப்பக்கம் ஏதோ ஒரு ஊரில் ஒரு பள்ளம் விழுகிறது. ஒருவர் மண்ணைத் திருத்த இன்னொருவர் மண்ணைக் கெடுப்பது என்ன தோட்டம்?

மருந்தடிப்பதில் வேறு சங்கடம். புரட்டாசியில் எல்லாவற்றையும் கருக்கிவிட்டு ஐப்பசி மழையை மொட்டைத் தரையில் வாங்கினால், களையோடு மண்ணும் போய்விடும். மழைக்கு முன் களையின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரே நாளில் முழு மனையையும் வழிக்கக் கூடாது. பாத்தி போடும் அளவுக்கு மட்டும் எடுத்து, எடுத்ததை அங்கேயே பரப்ப வேண்டும்.

எல்லாக் களையும் ஒன்றல்ல. பார்த்தீனியத்துக்குத் தயவு காட்ட வேண்டாம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டது, இன்று நாடெங்கும் இருக்கிறது. தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். சீமைக்கருவேலை மட்டமாக வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். அடிக்கட்டையைக் கடப்பாரையால் எடுங்கள். கோரையைக் கொத்திக் கொத்திக் களைத்துப் போனவர்கள் பலர். கிழங்கு துண்டானால் அது பெருகத்தான் செய்யும். அதற்கு நிழல்தான் ஆகாது. பழைய அட்டைப் பெட்டியை விரித்து மேலே அரை அடி சருகு போட்டு, தட்டைப்பயறும் பூசணியும் படரவிட்டால் மெல்ல ஒடுங்கும்.

மற்றவை நம் ஆட்கள். கொழுஞ்சி தானாக முளைத்திருந்தால் அது மட்டமான மண்ணைத் திருத்த வந்த செடி. வயலுக்குத் தழையுரமாக நம் பாட்டன்மார் வெட்டிப் போட்டது. எருக்கும் ஆவாரையும் அப்படித்தான். வெட்டிப் பரப்புங்கள். கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் எதற்கென்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வேலையின் வரிசையும் மேட்டில் நடந்த வரிசைதான். முதலில் ஒரு நல்ல மழையில் குடை பிடித்துப் போய்த் தண்ணீர் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே ஒரு முழ உயர வரப்பு. அடுத்து, பலதானிய விதைப்பு. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்னது: தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், தழையுரப் பயிர் என்று ஒவ்வொன்றிலும் நான்கு வகை கலந்து விதைத்து, ஐம்பது நாள் அளவில் பூக்கும் பருவத்தில் மடக்கி விடுவது. அதன் பிறகு தெருவில் கூட்டிக் கொளுத்தும் சருகு, சமையலறைக் கழிவு, ஆட்டுப்புழுக்கை, சாணம். முதல் ஆண்டு கீரையும் தட்டைப்பயறும் போதும். கத்தரிக்காயை மூன்றாம் ஆண்டுக்கு வையுங்கள்.

மூன்று ஆண்டு என்று நான் சொல்வதைக் கேட்டு, “அதுவரை இந்த இடம் நம்மிடம் இருக்குமா?” என்று ஒரு அம்மா கேட்டார். கூட்டத்தில் வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான். வரப்பும் சருகும் இருந்து, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் மண் தேறாது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது விதையும் அல்ல, மண்வெட்டியும் அல்ல. இடத்தை ஐந்து ஆண்டுக்காவது எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், நாற்பது ஆண்டு கோப்பு புரட்டியவன் சொல்கிறேன்.

எங்கள் மனைக்கு ஐந்து ஆண்டு அனுமதி கேட்டு மனு போயிருக்கிறது. எழுதியவன் நான்தான், பழக்கம் விடவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டதால் பக்கத்து வீட்டு இளைஞர்கள் வடகிழக்கு மூலையில் வரப்பு போடத் தொடங்கிவிட்டார்கள். பிடுங்கிய கோரையும் வெட்டிய கொழுஞ்சியும் அதன் மேலேயே கிடக்கின்றன.